அரங்கேற்ற நாளில் அடம்பிடித்த மூடி

காலை எட்டரை மணி இருக்கும். அடுப்படிக்குப் பின்னால் தகரம் போட்ட தாழ்வாரத்தில் சரசு நின்றிருந்தாள். ஒரு கை வாஷிங் மெஷின் மூடியின் மேல். அழுத்துகிறாள், கையை எடுக்கிறாள், மூடியின் இடது மூலை அரை விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. மறுபடி அழுத்துகிறாள், மறுபடி எழும்புகிறது. ஒவ்வொரு முறையும் மெஷின் மூன்று தரம் கூவி, சிவப்பு விளக்கை மினுக்கிவிட்டு மௌனமாகிவிடுகிறது.

ஐப்பசி பிறந்து இரண்டோ மூன்றோ நாள். தகரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. தாழ்வாரம் முழுக்க ஈரப் பருத்தியும் சோப்பும் கலந்த வாசனை.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க" என்றாள்.

மெதுவாகத்தான் கூப்பிட்டாள். என் மனைவி சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மெதுவாகக் கூப்பிட்டால்தான் விவகாரம். செய்தித்தாளை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆறு சேலைகள். ஆறும் ஒரே பச்சை, ஒரே அரக்குக் கரை. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. துவைத்தாயிற்று, அலசியாயிற்று. சிக்கெடுத்துவிடலாம் என்று சரசு மூடியைத் திறந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அது மூட மறுக்கிறது. பிழிந்து தர வேண்டியது மட்டும்தான் பாக்கி. மூடி உட்கார்ந்தால்தான் மெஷின் சுற்றும்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சரசுவுக்குக் கும்மி அரங்கேற்றம்.

முட்டித் தைலமும் முன்வரிசையும்

எங்கள் நாமக்கல் பக்கம் இப்போது எந்த ஊரில் விசாரித்தாலும் ஒரு கும்மிக் குழு இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஆடுகிறது, பேரன் எடுத்தவளும் ஆடுகிறாள். எங்கள் ஊரிலும் பயிற்சி தொடங்குகிறார்கள் என்று செல்போனில் செய்தி வந்ததும் சரசு பெயர் கொடுத்துவிட்டாள். ஐம்பத்தாறு வயது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? முட்டிக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கி வைத்துவிட்டுப் போ என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஐம்பது மாலைகள் போனாள். பள்ளிக்கூட மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஊர் அரசியலுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். தோசைக்கல் முன்னால் நின்றிருந்தவளின் கால் தானாக அடவு போட்டுக்கொண்டிருந்தது. கரண்டி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நான் நிற்பதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

கடைசி வாரம் முன்வரிசைக்கு ஆறு பேரைப் பொறுக்கினார்கள். சரசு ஆறில் ஒருத்தி. சிலிண்டர் வந்துவிட்டது என்பதுபோல அதைச் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது.

பின்வரிசைக்காரர்களுக்குச் சிவப்புச் சேலை முன்பே வந்துவிட்டது. முன்வரிசைக்கு மட்டும் பச்சை. இளம்பிள்ளை நெசவாளர்களிடம் சொல்லி நெய்த பருத்திச் சேலை. அரங்கேற்றத்துக்கு முதல்நாள் பிற்பகல்தான் கைக்கு வந்தது. கட்டிப் பார்த்தார்கள். ஒரே கஞ்சி மொடமொடப்பு. ஆள் குனிந்தால் சேலை குனிய மாட்டேன் என்றது. போதாக்குறைக்கு உள்ளங்கையில் பச்சைச் சாயம் வேறு ஒட்டியது. கல்லுப்புப் போட்டு ஊறவைத்து ஒரு தடவை துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சரசு சொல்லியிருக்கிறாள். பக்கத்துத் தெரு கவிதா, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அவளும் முன்வரிசைதான், ஆறும் ஒன்றாகக் கொள்கிற மெஷின் சரசு அக்கா வீட்டில்தான் இருக்கிறது என்று ஆறையும் இவள் தலையில் கட்டிவிட்டாள்.

மெஷினில் பிழிந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் மின்விசிறிக் காற்றுப் போதும், இஸ்திரி போட்டுவிடலாம். கையால் பிழிந்தால் அந்தத் தூறலில் மறுநாள் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். சீருடை இல்லாமல் வருகிறவர் யாராக இருந்தாலும் கடைசி வரிசை. இது அவர்களுடைய வாத்தியார் முதல்நாளே போட்ட சட்டம்.

ஆக, ஆறு பெண்களின் முன்வரிசை அந்த அரை விரல் இடைவெளியில் மாட்டிக்கொண்டு நின்றது.

அஞ்சு நிமிச வேலை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாமக்கல்லில் பட்டறை வைத்து லாரிகளுக்குப் பாடி கட்டியவன். ஒரு ஆயுசுக் காலம் கதவுகளோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன். கேபின் கதவு, பக்கக் கதவு, பின்கதவு. என் கையில் மூடாமல் போன கதவு கிடையாது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தவன். பட்டறையைக் கைமாற்றிவிட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதையும் சரிபண்ணச் சொல்லிக் கேட்டதில்லை.

அதனால், உண்மையைச் சொல்கிறேன், மூடி மூடவில்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அஞ்சு நிமிச வேலை" என்றேன்.

ஆயுதப் பையைத் தூக்கி வந்தேன். முதலில் கீல்மேல் சந்தேகம். நாலு திருகையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டைப் பையில் போடாதீர்கள் என்று சரசு உடனே சொன்னாள். என் பையிலிருந்து விழுந்த நட்டும் போல்ட்டும் ஏற்கெனவே ஒரு மெஷினைக் காவு வாங்கியிருக்கின்றன. அதிலிருந்து என் சட்டையைப் பை துழாவாமல் அவள் தண்ணீரில் போடுவதில்லை.

கீலுக்கு அடியில் ஒரு வாசர் வளையம் கொடுத்து முடுக்கினேன். இடது மூலை இறங்கியது, வலது மூலை எழும்பியது. வாசரை எடுத்துவிட்டுப் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்தேன். இப்போது இரண்டு மூலையும் எழும்பின. மூடியின் மேல் முழங்கையை ஊன்றிப் பாரத்தைப் போட்டேன். மெஷின் கூவியது. அம்மிக் குழவியைத் தூக்கி மூடிமேல் வைத்தேன். மூடி ஒருவழியாக உட்கார்ந்தது. தொட்டி அரைச்சுற்றுச் சுற்றியது. ஆனால் மெஷின் கிடந்து ஆடிய ஆட்டத்தில் குழவி உருண்டு என் கால் கட்டைவிரலை நோக்கி வந்தது. நான் குதித்த குதியைப் பார்த்திருந்தால் வாத்தியார் என்னையும் முன்வரிசையில் சேர்த்திருப்பார்.

மணி பத்தாகிவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒரு பெண் பணிவாகப் பேசி, புகாரைப் பதிவு செய்துகொண்டு, இரண்டு நாளில் ஆள் வருவார் என்றாள். சரசு நன்றி சொல்லி வைத்தாள். வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சேலையின் முந்தானையை மெஷினுக்குள்ளேயிருந்து இழுத்து, விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பது மாலைகள் அந்த விரலில் இருந்தன. அதற்குப் பிறகு எனக்கு விளையாட்டாக இல்லை.

பையிலிருந்து அரத்தை எடுத்தேன். இடிக்கிற விளிம்பை ராவி எடுத்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

பள்ளிபாளையத்து லாரி

"சித்த நில்லுங்க" என்றாள் சரசு. "கதவு மூடலீன்னு பட்டறைக்கு வர்றவங்ககிட்ட நீங்க மொதல்ல என்னங்க சொல்லுவீங்க?"

நான் அரத்தோடு நின்றேன். அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

பட்டறை நடந்த காலத்தில் மத்தியானச் சோற்றுப் போசியோடு சரசுதான் வருவாள். அப்படி அவள் வந்திருந்த ஒருநாள் பள்ளிபாளையத்துக்காரர் ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். காகிதப் பாரம் ஏற்றுகிற லாரி. நான் பாடி கட்டிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பின்கதவு கொண்டியில் மாட்ட மாட்டேன் என்கிறதாம். இதுதான் உன் தொழில் லட்சணமா என்று தெருவே பார்க்கக் கத்தினார்.

நான் கதவைத் தொடவில்லை. லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியை நாலு அடி முன்னால் எடு என்றேன். எடுத்தான். கதவைத் தள்ளினேன். கொண்டி வழுக்கிக்கொண்டு போய் மாட்டியது. ஒன்றுமில்லை, பின்சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றிருந்தது. சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொண்டால் கதவு எப்படி மூடும்? அந்த மனிதர் அவருடைய ஊரிலும் அதேபோல மேடுபள்ளமான இடத்தில்தான் தினமும் நிறுத்தியிருக்கிறார்.

"கதவு மூடலீன்னா கதவைப் பாக்காதீங்க, சேஸைப் பாருங்க" என்று அன்று அவரிடம் சொன்னேன். அது பிடித்துப்போய் அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது வருடம் சொன்ன வசனம், என் வீட்டு மூடி மூடாதபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சோற்றுப் போசியோடு ஓரமாக நின்று கேட்டவளுக்கு வந்தது.

வாசலில் கவிதாவின் குரல் கேட்டது. சேலை காய்ந்ததா என்று பார்க்க வந்திருக்கிறாள். சரசு எழுந்து போனாள்.

ரசமட்டம் காட்டியது

பரணிலிருந்து என் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தேன். கொத்தனாரும் தச்சரும் சமம் பார்க்கிற அதே பட்டைதான், நடுவில் குமிழ் ஓடுகிற கண்ணாடி. அதை மெஷின்மேல் வைத்தேன். குமிழ் நடுவில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நேராக வலது ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

எங்கள் மெஷின் உருளை வைத்த இரும்புத் தாங்கியின்மேல் நிற்கிறது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முன்னுருளை இரண்டும் தரையில். பின்னால் இடது உருளை தரையில். வலது உருளை எதன்மேலோ ஏறி நின்றது. சின்னதாக, உருண்டையாக, கரும்பச்சையாக.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை அங்கே வைத்தவனே நான்தான்.

சக்கரத்துக்கு ஒன்று

பாடி கட்டி முடித்த லாரி பட்டறையை விட்டு இறங்கும்போது சும்மா இறங்காது. பூசை முடித்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைப்போம். டிரைவர் ஒரே மூச்சில் முன்னால் எடுக்க வேண்டும். பழங்கள் நசுங்கினால் வண்டியின் திருஷ்டி எல்லாம் அதோடு போயிற்று என்று பெயர். ஒரு பழம் நழுவி உருண்டாலும் முதலாளியின் முகம் வாடிவிடும். ஆயுத பூசையன்று பட்டறைத் தெருவில் நடந்தால் செருப்பெல்லாம் எலுமிச்சை மணக்கும்.

இந்த வருட ஆயுத பூசைக்கு என்னிடம் லாரி இல்லை. ஸ்கூட்டருக்கு இரண்டு பழம் வைத்து நசுக்கினேன். மனம் அடங்கவில்லை. கையில் நாலு பழம் மிச்சம். சரசு கும்மிப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நாலு சக்கரம் உள்ள ஒரே வண்டி தாழ்வாரத்தில் நின்றிருந்தது.

மெஷினுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். நாலு உருளைக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, பின்னால் நின்று ஒரே தள்ளாக ஒரு சாண் முன்னால் தள்ளினேன். சறக் சறக்கென்று நசுங்கிய சத்தம் கேட்டது. எனக்கு அவ்வளவு திருப்தி. நசுங்கினவற்றை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அதை அடியோடு மறந்தும் போய்விட்டேன்.

மூன்று நசுங்கியிருக்கிறது. நாலாவது பழம் இல்லை, காய். பழுக்காத பச்சைக் காய். உருளை அதன்மேல் ஏறி உட்கார்ந்து எட்டு நாளாக நின்றிருக்கிறது. காய் ஒரு பக்கம் பள்ளமாகி, மீதி பாக்குப்போலக் காய்ந்து இறுகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், வேட்டியும் சட்டையுமாகக் கொஞ்சம் துணி போட்டவரை மெஷின் எப்படியோ சமாளித்திருக்கிறது. ஆறு ஈரச் சேலையின் பாரம் ஏறியதும் பெட்டி முறுக்கிக்கொண்டது. சேஸ் முறுக்கினால் கதவு எப்படி மூடும்?

கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்து, காலால் அதைத் தட்டி வெளியே தள்ளினேன். கீலுக்கு வைத்த ரப்பரைப் பிடுங்கிப் பழையபடி முடுக்கினேன். மூடியை இரண்டு விரலால் தொட்டேன். டப்பென்று உட்கார்ந்தது. தொட்டி சுற்ற ஆரம்பித்தது.

சத்தம் கேட்டுச் சரசுவும் கவிதாவும் உள்ளே வரும் காலடி கேட்டது. அந்தக் காயைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மட்டம் தப்பியிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சரசு மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த நேரத்தில் போய் யாராவது எலுமிச்சங்காய்க் கதையைச் சொல்வார்களா?

பட்டறைக்காரர் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி என்று கவிதா சொல்லிவிட்டுப் போனாள். குற்ற உணர்ச்சி தாங்காமல் வீட்டிலிருந்த எல்லா விசிறியையும் போட்டு, மூன்று சேலைக்கு நானே இஸ்திரி போட்டேன்.

துண்டும் ஒரு பழமும்

நாலு மணிக்கு மழை விட்டது. கோயில் திடலில் சேறாக இருந்த இடத்தில் மணல் கொட்டியிருந்தார்கள். நான் நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பறையில் அடி விழுந்தது. சிவப்புச் சேலைகள் அலை அலையாக வந்தன. அதற்கு முன்னால் ஆறு பச்சை. இடமிருந்து இரண்டாவது சரசு. குனிந்து கைதட்டித் திரும்பி நிமிர்கிறாள், சேலையும் அவளோடு குனிந்து நிமிர்கிறது. முட்டிக்கு வலி என்று ஒன்று இருப்பதே அந்த உடம்புக்குத் தெரியவில்லை. வியர்வையில் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. துடைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஐம்பது மாலையும் இந்தச் சிரிப்பு நடக்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறது. நான்தான் எழுந்து போகவில்லை.

ஆட்டம் முடிந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். திடீரென்று ஒலிபெருக்கியில் என் பெயர். காலையில் பழுதான மெஷினைத் தன் தொழில் திறமையால் சரிசெய்து முன்வரிசையைக் காப்பாற்றிக் கொடுத்த அண்ணன் மேடைக்கு வர வேண்டுமாம். கவிதாவின் வேலை. தப்பிக்க வழி இல்லை. மேலே ஏற்றித் தோளில் துண்டு போட்டார்கள். அதோடு விட்டார்களா? பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதுபோல என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள்.

எல்லாரும் கைதட்டினார்கள். சரசுவும்தான். நான் பழத்தை வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு சட்டை

மறுநாள் காலை வெயில் அடித்தது. சரசு அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையின் பைக்குள் கையை விட்டாள். மஞ்சளாக, பளபளவென்று ஒரு எலுமிச்சம்பழம். மெஷின் மூடிமேல் வைத்தாள்.

அடுத்து என் அழுக்குச் சட்டை. கையை விட்டாள். ஒரு பக்கம் பள்ளம் விழுந்த கரும்பச்சைக் காய். அதில் உருளையின் கோடுகூட அச்சாகப் பதிந்திருந்தது. அதையும் எடுத்துப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காபி டம்ளரைப் படியில் வைத்தேன்.

"பூசைக்கு மறுநாளு கூட்டறப்ப இந்த மெஷினுக்கு அடியில மூணுதானுங்க கெடச்சுது" என்றாள். "ஸ்கூட்டருக்கு ரெண்டு. வாங்குன ஆறுல ஒண்ணு எங்க போச்சோன்னு அப்பவே நெனச்சேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்து போய் அவள் முன்னால் நின்றேன்.

"என்னாலதான் சரசு. உன்ர முன்வரிசையே போயிருக்கும்" என்றேன்.

அவள் துணிகளை உள்ளே போட்டாள். சோப்புத்தூளைப் போட்டாள். மூடிமேல் இருந்த இரண்டையும் எடுத்தாள். காயை வேலிப்பக்கம் வீசினாள். மூடியை மூடி, மெஷின் ஓடத் தொடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பழத்தை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வர்ற வருசம் மெஷினுக்கு வைக்கறப்ப இதாட்டம் பழமாப் பாத்து வாங்குங்க" என்றாள். "காயி நசுங்காதுங்க."